ஆப்பிளா, டப்பாவா?

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, கிண்டியில் எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு கொலை நடந்திருக்கும். நல்லவேளை, மழை வந்து கெடுத்துவிட்டது.

(எங்கள் ஆபீஸ் என்றால்... பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவனுக்கு ஏது ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எழுத்து சோறு போடும், குழம்பு ஊற்றாது. அந்தக் குழம்புக்காக வாரத்தில் நாலு நாள் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படித்த பி.காம். வீண் போகக்கூடாதில்லையா?)

சண்டைக்குக் காரணம் பெண்ணா? இல்லை. வாய்க்கால் வரப்புத் தகராறா? இல்லை. அரசியலா? அதுவும் இல்லை. ஒருவர் கையில் ஐ-போன். இன்னொருவர் கையில் சாம்சங். அவ்வளவுதான்.

"எங்க ஆளு மூணு வருஷம் முன்னாடியே கொடுத்த வசதியை உங்க ஆளு இப்பத்தான் கொடுக்கறான். அதுக்கு ஒரு கைதட்டல் வேற!" என்றார் சாம்சங்.

"அரைவேக்காட்டுல இறக்க மாட்டோம் ஸார் நாங்க. வெந்த பிறகுதான் பரிமாறுவோம்" என்றார் ஐ-போன்.

கவனித்தீர்களா? 'எங்க ஆளு'. 'நாங்க'. சாம்சங்காரர் கொரியாவைப் பார்த்ததில்லை. அவர் போன அதிகபட்ச வெளிநாடு பாண்டிச்சேரி. ஐ-போன்காரரோ, ஸ்டீவ் ஜாப்ஸ் ஏதோ அவர் பெரியப்பா பையன் மாதிரியும், அந்தக் குடும்பத்து மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு இவர் தலையில் விழுந்துவிட்ட மாதிரியும் பேசினார். குரல் ஏறியது. டம்ளர்கள் மேஜையில் 'ணங்'கென்று உட்கார்ந்தன. ஐ-போன்காரரின் சட்டையில் டீ தெறித்தது. தெறித்ததா, தெறிக்க வைக்கப்பட்டதா என்பது விசாரணையில் இருக்கிறது.

இந்தக் களேபரத்தில் கலங்காமல் இருந்தது ஒரே ஓர் ஆத்மா. கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்தால் குரல் கொடுக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி. "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று ஐ-போனுக்கும் சொன்னது. "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சாம்சங்குக்கும் சொன்னது. ஊரில் சமரச சன்மார்க்கத்தை முழுசாகக் கடைப்பிடிப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

* * *

தமிழனுக்குக் கட்சி கட்டுவது புதிதில்லை. எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று தாத்தாக்கள் கட்டிப் புரண்டார்கள். எங்கள் சித்தப்பா கமல் ரசிகர். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தபோது, பக்கத்து வீட்டு ரஜினி ரசிகரோடு பேச்சை நிறுத்தியவர், பொங்கல் கரும்பு கொடுக்கும்போதுதான் மறுபடி வாயைத் திறந்தாராம்.

ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். சித்தப்பா போட்ட முதல் ஒரு டிக்கெட் காசு. படம் பிடிக்கவில்லை என்றால் மூன்று மணி நேரத்தில் வனவாசம் முடிந்தது. போன் அப்படியா? முழுசாக ஒரு மாதச் சம்பளம். சிலருக்கு இரண்டு மாதச் சம்பளம். அதுவும் கையில் இல்லாமல் இருபத்துநாலு மாதத் தவணை. 'வாங்கின போன் சரியில்லை' என்று மூன்றாவது மாதமே ஒப்புக்கொண்டால், மிச்சமிருக்கிற இருபத்தோரு மாதமும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதி பேங்க்காரன் அதை ஞாபகப்படுத்துவான். மனுஷன் தாங்குவானா? அதனால் போன் நல்ல போன்தான். நல்ல போனாக இருந்தே ஆகவேண்டும்!

இது என் டீக்கடைத் தத்துவம் மட்டுமில்லை. 1956-ல் ஜாக் பிரேம் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் சோதித்துப் பார்த்த விஷயம். சில பெண்களிடம் டோஸ்டர், ரேடியோ மாதிரி வீட்டுச் சாமான்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, 'இதில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்' என்றார். எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மதிப்பெண் போடச் சொன்னால், தான் எடுத்த சாமானுக்கு மார்க் ஏறிவிட்டது. வேண்டாம் என்று விட்டதற்கு இறங்கிவிட்டது. சாமான் அதேதான். மாறியது சொந்தக்காரி மனசு. காசு கொடுக்காமல் வாங்கின டோஸ்டருக்கே இந்தக் கதி என்றால், எண்பதாயிரம் கொடுத்து வாங்கின போனுக்கு?

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: 'உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு.' போன் வாங்கினால் போன் கணக்கில் பற்று, வங்கிக் கணக்கில் வரவு. சரியாகப் போச்சு. ஆனால் அடுத்த மாதமே புது மாடல் வந்து நம் போனின் மதிப்பு பள்ளத்தில் விழுகிறதே, அந்தத் தேய்மானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அங்கேதான் நாம் எல்லோரும் கள்ளக் கணக்கு எழுதுகிறோம். நஷ்டத்தை 'கௌரவம்' என்ற கணக்கில் சொத்தாகக் காட்டி, எதிரே டீ குடிக்கிறவனை ஆடிட்டராக நினைத்துச் சண்டைக்குப் போகிறோம்.

ஸார், காசே போடாதவனும் சண்டை போடுகிறானே என்கிறீர்களா? நியாயம். போன் வாங்க வக்கில்லாத கல்லூரிப் பையன்கூட, வாங்கப்போகும் போனுக்காக இன்றே மல்லுக்கு நிற்கிறான். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஹென்றி டாஜ்ஃபெல் என்பவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பதினாலு, பதினைந்து வயசுப் பள்ளிக்கூடப் பையன்களிடம் செய்தது, 1970-ல் வெளியிட்டார். பையன்களிடம் ஓவியங்களைக் காட்டி, 'உனக்கு க்ளே பிடித்திருக்கிறது, உனக்குக் காண்டின்ஸ்கி பிடித்திருக்கிறது' என்று இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார். நிஜத்தில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. அந்த ஓவியர்கள் யாரென்றுகூடப் பையன்களுக்கு அக்கறை இல்லை. ஆனாலும் காசைப் பங்கு போடச் சொன்னபோது, முகம் தெரியாத 'நம்ம கோஷ்டி'க்காரனுக்கு அதிகம் கொடுத்தார்கள். அதைவிட வேடிக்கை, நம்ம கோஷ்டிக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தக் கோஷ்டியைவிட அதிகம் கிடைக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் நிறைய.

என் ஒரு கண் போனாலும் எதிரிக்கு இரண்டு கண்ணும் போகவேண்டும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிற கதைதான். பாவம், அதற்கு இங்கிலீஷ்காரன் சோதனைச்சாலை கட்ட வேண்டியிருந்தது.

* * *

சரி, நாம் இங்கே யாருக்காக டம்ளரை உடைக்கிறோமோ, அவர்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள்?

2011 ஏப்ரலில், 'எங்கள் போனைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டான்' என்று ஆப்பிள் கம்பெனி சாம்சங் மேல் கேஸ் போட்டது. 2012 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஜூரிகள் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்புறம் அப்பீல், குறைப்பு, மறுபடி விசாரணை என்று இழுத்து, 2018 ஜூனில் இரண்டு பேரும் சமரசமாகப் போனார்கள். ஏழு வருஷ வழக்கு!

அந்த வழக்கு சூடு பறந்த காலத்தில் ஐ-போனுக்குள் இருந்த மூளைச் சில்லைத் தயாரித்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சாம்சங். 2017-ல் வந்த ஐ-போன் எக்ஸ், 'ஆகா, என்ன திரை!' என்று உலகமே மெச்சியதே, அந்தத் திரை யாருடையது? அதுவும் சாம்சங். கோர்ட்டில் ஜென்ம விரோதி, கொல்லைப்புறத்தில் சம்பந்தி!

இன்னொன்று. 2016-ல் ஐ-போன் 7 வந்தபோது, பாட்டுக் கேட்கும் வயரைச் சொருகும் ஓட்டையை ஆப்பிள் எடுத்துவிட்டது. சாம்சங் விளம்பரம் போட்டுச் சிரித்தது. 2019-ல் நோட் 10 வந்தது. ஓட்டையைக் காணோம். சிரித்த விளம்பரத்தையும் காணோம்! 2020 அக்டோபரில், ஐ-போன் 12 டப்பாவில் சார்ஜர் கிடையாது என்றது ஆப்பிள். 'எங்களிடம் உண்டே' என்று மறுபடி கண்ணடித்தது சாம்சங். மூன்றே மாதம். 2021 ஜனவரியில் அவர்களுடைய எஸ் 21 டப்பாவைத் திறந்தால் சார்ஜர் இல்லை. கண்ணடித்ததும் சத்தமில்லாமல் அழிக்கப்பட்டது. சாம்சங்கை மட்டும் சொல்வானேன், கூகுளும் 2016-ல் தன் பிக்ஸலில் ஓட்டை இருப்பதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டு, மறு வருஷமே அதை அடைத்தது.

அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். அந்த மூன்று மாதத்தில் சார்ஜருக்காக முறைத்துக்கொண்ட நம் ஆட்கள்தான் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

சீனத்துப் போன்கள் கதை இதைவிட ஜோர். எங்கள் ஆபீஸில் ஒன்பிளஸ்காரர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஸீட் ஆப்போக்காரரைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒன்பிளஸ், ஆப்போ, விவோ, ரியல்மீ நாலுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். தெற்குச் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தில் இருந்த பி.பி.கே. எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி. 2021-ல் ஒன்பிளஸ் வெளிப்படையாகவே ஆப்போவோடு இணைந்துவிட்டது. ரெட்மி, போக்கோ இரண்டும் பிறந்தது ஷாவ்மி வீட்டில். ஒரே கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் மொண்டுவிட்டு, 'என் குடத்துத் தண்ணிதான் இனிக்கும்' என்று குழாயடிச் சண்டை!

இந்தப் பக்தியைக் கம்பெனிக்காரன் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான். 2014 ஏப்ரலில் ஒன்பிளஸ் தன் முதல் போனை விற்க ஒரு போட்டி வைத்தது. உங்கள் பழைய போனை உடைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள்; தேர்ந்தெடுக்கிற நூறு பேருக்கு ஒரு டாலருக்குப் புதுப் போன். 'முதலில் பெயர் கொடு, தேர்வானால் உடை' என்பது விதி. ஆர்வக்கோளாறில் சிலபேர் விதியைப் படிக்காமலேயே நல்ல போனைப் போட்டு உடைத்துவிட்டு, இரண்டும் இல்லாமல் நின்றார்கள். அதே வருஷம் நம் ஊரில் ரெட்மி போன் ஃபிளிப்கார்ட்டில் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மத்தியானம் விற்பனைக்கு வரும். சில நொடிகளில் தீர்ந்துவிடும். அம்மனுக்கு ராகுகால விளக்குப் போடுவதுபோல் ஆபீஸே அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஏனென்றால், உட்கார்ந்தவர்களில் அடியேனும் ஒருவன். ஹி... ஹி...

* * *

இந்தச் சண்டை எதிலுமே சேராத ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் அத்தை மகள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போன் பூட்டுகிற வேலை. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவள் வேலை முக்கியம். கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய், வாசலில் சொந்த போனைப் பூட்டி வைத்துவிட்டு, நாள் முழுக்க அடுத்தவர் போனைத் தொட்டுக்கொண்டிருப்பவள். "உன் கையில தினம் எத்தனை போன் போகுது, எது நல்ல போன், சொல்லேன்?" என்று கேட்டேன்.

"நல்ல போன் கெட்ட போன்லாம் தெரியாதுண்ணா. திருகாணி சரியா உட்கார்ந்திருக்கான்னு பார்ப்பேன். அதோட அடுத்த போன் வந்துடும்" என்றாள். அவள் வைத்திருப்பது ஒன்பதாயிரம் ரூபாய் போன். திரையில் ஒரு கீறல்.

அந்த நெடுஞ்சாலையில் ஒருதரம் போய்ப் பாருங்கள். ஐ-போன் பூட்டுகிற தொழிற்சாலை அந்த வட்டாரத்தில்தான். சாம்சங்கின் டி.வி., ஃபிரிட்ஜ் தொழிற்சாலையும் அங்கேதான். டீக்கடையில் எதிரி, ஹைவேயில் பக்கத்து வீடு.

அங்கேதான் நோக்கியாவும் இருந்தது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் வேலை பார்த்த ஆலை. 2014-ல் நோக்கியாவின் போன் பிஸினஸ் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது. வரி வழக்கில் மாட்டியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த வியாபாரத்தில் சேராமல் தனியே நின்றது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

நோக்கியாவுக்கு ரசிகர்கள் குறைவா? 2003-ல் வந்த 1100 மாடல் மட்டும் உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச் லைட், பாம்பு விளையாட்டு, மாடிப்படியில் விழுந்தாலும் எழுந்து பேசும் ஆரோக்கியம். நம் பக்தி ஒரு கம்பெனியைக் காப்பாற்றும் என்றால் நோக்கியா இன்றும் நாட்டாமையாக இருந்திருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? தொடுதிரை வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

என் நண்பனும் நானும் பி.காம். படிக்கும்போது இருவர் கையிலும் 1100-தான். சண்டையே கிடையாது. எதற்குச் சண்டை? பாம்பு எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் கொஞ்சம் போட்டி. வேலைக்குப் போனதும் அவன் தன் 1100-ஐ அப்பாவிடம் கொடுத்தான். அவர் பஸ் கண்டக்டர். ரிடையராகி, பென்ஷன் வாங்குகிறவர். அவன் ஆப்பிளுக்குப் போனான். நான் ஆண்ட்ராய்டு. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். ஆசிரியர் விளம்பரத்தை நம்பிப் பத்திரிகை நடத்துகிறார்.

அவன் என் போனை 'டப்பா' என்பான். நான் அவன் பெயரை என் போனில் 'ஆப்பிள் அடிமை' என்று பதிந்து வைத்திருந்தேன். முதலில் தமாஷ்தான். தமாஷ் எந்த இடத்தில் புளித்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

2021 ஆகஸ்டில் அவன் தங்கை கல்யாணம். பாடியில் ஒரு மண்டபம். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தில், கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்றார்கள். யார் போனில்?

"உன் டப்பால எடுத்தா எல்லார் மூஞ்சிலயும் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கும்டா" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அப்பா பென்ஷன்ல கை வெச்சு வாங்கின போனுக்கு வாயைப் பாரு!" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் போன் வாங்கும்போது அவர் பாதிப் பணம் கொடுத்தது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் சொன்ன விஷயம். இரண்டு நாற்காலி தள்ளி, தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார் அவன் அப்பா. கேட்டிருக்கும். அவர் நிமிரவில்லை. அடுத்த பையை எடுத்து, அதில் ஒரு தேங்காயைப் போட்டார்.

படம் எடுக்கவே இல்லை. அதோடு பேச்சு நின்றது. ஏழு மாதம்.

* * *

2022 மார்ச். ராத்திரி பதினொன்றே முக்கால். என் போன் அடித்தது. திரையில் 'ஆப்பிள் அடிமை'.

அன்று சாயங்காலம்தான் என் கம்பெனி (பாருங்கள், 'என்' கம்பெனி!) ஒரு புதுப் போனை அறிமுகம் செய்திருந்தது. ஏழு மாதம் கழித்து நக்கல் பண்ணத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாவது முறை அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. நான் ஜெயித்த திருப்தியோடு புரண்டு படுத்தேன்.

பத்து நிமிஷம் கழித்து இன்னொரு அழைப்பு. 'கண்டக்டர் அப்பா'. அவரிடமிருந்து இந்த நேரத்தில் வந்ததே இல்லை. எழுந்து உட்கார்ந்து எடுத்தேன்.

"மச்சான்... நான்தான். என் நம்பர்ல பண்ணேன், நீ எடுக்கல. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். என் போன் ஆஃப் ஆயிடுச்சு. மூணு பர்சென்ட்தான் இருந்துச்சு... அதுவும் உனக்கு அடிச்சே போயிடுச்சு."

பைக்கை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அந்தத் தெருவில் நாலு ஆஸ்பத்திரி. இருட்டில் எதுவென்று தெரியவில்லை. அப்போது ஒரு கேட்டுக்கு வெளியே சின்னதாக ஒரு டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. 1100! அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் நண்பன் நின்றிருந்தான்.

ஒன்றும் பேசவில்லை. நேரே கவுன்ட்டருக்குப் போனோம். உடனே நாற்பதாயிரம் கட்ட வேண்டும். அவன் பணம், பேங்க் எல்லாமே செத்துப்போன போனுக்குள் இருந்தது. அவசரத்தில் கார்டையும் எடுக்காமல் வந்திருக்கிறான். நான் என் போனை எடுத்துக் கட்டத்தைக் காட்டி, நம்பரை அழுத்தினேன். போயிற்று.

"டப்பாதான்" என்றேன்.

அவன் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்தபோது, உறவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், நம்பரெல்லாம் அவன் போனில். என் பையிலிருந்த சார்ஜரை எடுத்தேன். பொருந்தவில்லை. என்னுடையது வேறு முனை, அவனுடையது வேறு முனை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு பேரும் அந்த இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பத்து வருஷமாக இதற்காகவா கத்தினோம் என்று அவனுக்குத் தோன்றியதா, தெரியாது. எனக்குத் தோன்றியது. கடைசியில் வாசலில் இருந்த செக்யூரிட்டி பெரியவர் ஒரு வயரைக் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு தலை, மூன்று வால். "எல்லாருக்கும் சேரும் தம்பி, வெச்சுக்குங்க" என்றார்.

ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றியதும் பார்க்கப் போனேன். அவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மண்டபத்துல நீ சொன்னது நிஜம்தாம்ப்பா. பாதிப்பணம் நான்தான் குடுத்தேன். ஆனா அவன் கேக்கல. காலேஜ்ல ஆசையா வெச்சிருந்த போனை எனக்குக் குடுத்தான் இல்ல? பதிலுக்கு ஒண்ணு வாங்கித் தரணும்னு ரொம்ப நாளா நெனைச்சிருந்தேன். அதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சிக்னல் வருகிறதா என்று போனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி என் போனில் 'ஆப்பிள் அடிமை'யை அழித்துவிட்டு, அவன் அப்பா அம்மா வைத்த பெயரைப் போட்டேன். தட்டச்சு செய்யும்போது கை கொஞ்சம் தயங்கியது. அந்தப் பெயரை எழுதி அத்தனை நாளாகியிருந்தது.

* * *

திருந்திவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இன்றும் சண்டை உண்டு. 2023 செப்டம்பரில் ஐ-போன் 15 வந்தபோது, ஆப்பிளும் எல்லோரையும் போல டைப்-சி முனைக்கு மாறிவிட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பு சட்டம் போட்டு உருட்டிய உருட்டல். மறு வருஷம் என் நண்பன் அந்தப் போனை வாங்கி (இந்தத் தடவை முழுப்பணமும் அவனுடையது) என் வீட்டுக்கு வந்து, என் சார்ஜரைச் சொருகினான். பொருந்தியது.

"உன் கட்சி தோத்துப்போச்சு. எங்க முனைக்கு வந்துட்டீங்க" என்றேன்.

"நாங்க வந்ததாலதான் அதுக்கு மரியாதையே" என்றான்.

ஒரு மணி நேரம் கத்தினோம். என் மனைவி இரண்டு பேரையும் பால்கனிக்குத் துரத்தினாள். ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறோம்: போன் அடித்தால் முதலில் எடுக்க வேண்டும். சண்டை அதற்கப்புறம்.

கண்டக்டர் அப்பா சௌக்கியம். கையில் இன்னும் 1100. புதுசு வாங்கித் தருகிறோம் என்றால், "இதுல பேச முடியுதே, அப்புறம் என்ன?" என்கிறார். அந்தக் கேள்விக்கு எங்கள் இரண்டு கட்சியிலும் பதில் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை டீக்கடைக்குப் போனேன். சாம்சங்காரர் தனியாக நின்றிருந்தார். ஐ-போன்காரர் இப்போதெல்லாம் நாலு மணிக்கு வருகிறாராம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸீட்.

"ஸார், அவர் நம்பரை உங்க போன்ல என்ன பேர்ல போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அசடு வழியச் சிரித்து, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எழுத முடியாத பேர் போலிருக்கிறது.

"மாத்திடுங்க ஸார். ராத்திரி வந்தா எடுக்கத் தோணாது."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் வாராவாரம் இந்தப் பத்திரிகையை ஓசியில் படிப்பவர்.

அவருக்கும் சேர்த்து நானே காசு கொடுத்தேன். கல்லாப் பக்கத்துப் பெட்டி, வழக்கம்போல் யாருக்கும் வலிக்காமல் சொன்னது:

"முப்பது ரூபாய் பெறப்பட்டது."